தடியன் எழுத்து

சிவகாசியிலிருந்து விருதுநகருக்குப் பஸ்ஸில் போகும்போது நான் ஜன்னல் ஓரத்தில் உட்காருவதில்லை. உட்கார்ந்தால் சுவர் தெரியும். சுவரில் தடியன் நிற்பான். கபடிப் போட்டி, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, ஜவுளிக்கடைத் திறப்பு, கோயில் பொங்கல் சாட்டு என்று எதற்கு ஒட்டிய போஸ்டராக இருந்தாலும் தலைப்பில் அவன்தான். தொப்பையும் தொடையுமாக, இடது பக்கம் கறுப்பு நிழலைத் தள்ளிக்கொண்டு நிற்பான். அவனைப் பெற்றவள் நான். பெற்றவளுக்கே அவன் முகத்தில் முழிக்கப் பிடிக்கவில்லை என்று சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்.

தடியன் ஆள் இல்லை, எழுத்து. திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸின் டிசைன் அறையில் பதினான்கு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து ஐந்தாறு வருஷம் இருக்கும்போது, வெளியூர் ஏஜென்ட் ஒருவர் பர்ஸிலிருந்து ஒரு பழைய வெடிப்பெட்டி லேபிளை எடுத்து நீட்டினார். மடிப்புக்கு மடிப்பு கிழிந்திருந்தது. "இந்த மாரி எழுத்துல எங்க கோயில் போஸ்டருக்குத் தலைப்பு போட்டுக் குடும்மா" என்றார். எந்தக் கம்ப்யூட்டரிலும் அந்த எழுத்து இல்லை. எந்தக் காலத்திலோ யாரோ ஒரு ஓவியர் தூரிகையால் எழுதிய லேபிள் அது. அதில் மொத்தமே ஒன்பது எழுத்துகள்தான் இருந்தன. அந்த ஒன்பதையும் திரையில் கோடு கோடாக இழுத்து வரைந்தேன். மீதி எழுத்துகளுக்கு நானே உடம்பு கொடுத்தேன். கால் என்றால் தூண் தடிமன், சுழிக்குள் ஒரு உளுந்து நுழைந்தால் அதிகம், கொம்பு எருமையின் கொம்பு. பக்கத்து மெஷினில் இருந்த பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னக்கா இது, தின்னு தின்னு பெருத்த தடியன் மாரி இருக்கு" என்றாள். பெயர் அப்படியே நின்றுவிட்டது.

அந்த போஸ்டரைப் பார்த்துவிட்டு இன்னொருவர் வந்தார். அவரைப் பார்த்து நாலு பேர். ஒரு வருஷத்துக்குள், மாவட்டத்தில் யார் வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் "அந்தத் தடியன் எழுத்துல போடுங்க" என்று கேட்கிற நிலைமை வந்துவிட்டது. என் தங்கையின் கல்யாண பேனரைக்கூட அதில்தான் போட்டேன். மாப்பிள்ளை பெயரைவிடத் தங்கை பெயர் ஒரு சுற்றுப் பெரிதாக விழுந்துவிட்டது. அதைச் சொல்லிச் சொல்லி மூன்று வருஷமாக என்னைக் கேலி செய்கிறாள்.

முதலாளி ஒருநாள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அறுபதைத் தாண்டியவர், அதிர்ந்து பேசாதவர்.

"இத மத்த எழுத்து மாரி அடிச்சா வர்றாப்புல பண்ண முடியாதா தாயி?"

"முடியாது மொதலாளி. இது வேற மாரி. ஒவ்வொண்ணா வரஞ்சாத்தான் உண்டு."

பச்சைப் பொய். ஒரு மாதம் உட்கார்ந்தால் எல்லா எழுத்தையும் கோத்து விசைப்பலகையில் ஏற்றிவிடலாம். எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் எனக்கு முன்னால் அதே நாற்காலியில் இருந்தவரையும் எனக்குத் தெரியும். பூக்கரை, மயில் பார்டர் என்று இருபது வருஷம் வரைந்ததை எல்லாம் மற்ற மெஷின்களில் ஏற்றிக் கொடுத்தார். அடுத்த சீசனில், "வேலை இருந்தாச் சொல்லி அனுப்புறோம்ண்ணே" என்றார்கள். சொல்லி அனுப்பவே இல்லை. எனக்கோ கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் பெட்டியோடு திரும்பி வந்த கதை. அப்பா அம்மா இல்லை. எனக்கென்று இருந்தது அந்த நாற்காலி ஒன்றுதான்.

அதனால் பொய்யைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டேன். வரைந்து முடித்த தலைப்பை எழுத்து, நிழல், ஓரக்கோடு எல்லாம் சேர்த்து ஒரே கட்டியாக ஒட்டிவிடுவேன். யாரும் அதிலிருந்து ஒரு 'க'வைக்கூடப் பிய்த்தெடுத்து வேறு வேலைக்குப் போட முடியாது. தனி எழுத்துகள் இருந்த பென் டிரைவ் என் சோற்றுப் பையில், ஊறுகாய் டப்பாவுக்குப் பக்கத்தில் கிடக்கும். சாயங்காலம் என்னோடு வீட்டுக்கு வந்துவிடும். ரொம்பக் கெட்டிக்காரி என்று என்னைப் பற்றி எனக்கு நினைப்பு.

எங்கள் டிசைன் அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். மேற்கு வெயில் திரையில் விழுகிறது என்று அதன் கண்ணாடியில் வெளிப்பக்கமாகப் போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். பிரஸ்ஸுக்கு விளம்பரமாகவும் ஆயிற்று என்று தடியன் போஸ்டராகவே ஒட்டினார்கள். மத்தியானம் வெயில் ஏறும்போது தாள் வழியே எழுத்துகள் இடவலம் மாறி உள்ளே தெரியும். நாள் முழுக்க அவற்றின் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன்.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. தினசரி காலண்டர் அட்டையில் மேலே சாமி படம், அதற்குக் கீழே கடையின் பெயர், அதற்கும் கீழே தேதித் தாள் கட்டு இருக்கும். அந்தக் கடைப் பெயரைத் தடியனில் போட்டால் என்ன என்றார். முதல் தடவை கொஞ்சம் கடைகளுக்குப் போட்டோம். மருந்துக்கடை, மளிகைக்கடை, நகைக்கடை என்று கோயம்புத்தூர், ஈரோடு வரைக்கும் போயிற்று. ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது. தெருவின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தாலும் பெயர் தெரிகிறது என்றார்களாம். போன வருஷம் ஆடிப்பெருக்கன்று புது ஆல்பம் போட்டார்கள். அன்றைக்குத்தான் எங்கள் ஊரில் வரப்போகும் வருஷத்துக் காலண்டர் மாதிரிகளை வெளியிடுவது வழக்கம். ஆல்பத்தின் முதல் பக்கத்திலேயே, கடைப் பெயர் அத்தனையும் தடியன் எழுத்தில் அச்சடித்துத் தரப்படும் என்று முதலாளி போட்டுவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் என்ன சொல்லியிருக்க முடியும்?

ஆவணியில் ஆர்டர் வர ஆரம்பித்தது. மூவாயிரத்துச் சொச்சம் கடைகள். ஒவ்வொரு பெயரையும் நான்தான் வரைய வேண்டும், அப்படித்தான் முடியும் என்று நானே சொல்லியிருக்கிறேனே. பக்கத்து மெஷின்களில் மற்றவர்கள் முகவரியையும் போன் நம்பரையும் கடகடவென்று அடித்துவிட்டு, பெயர் வரும் இடத்தை மட்டும் காலியாக விட்டு என்னிடம் தள்ளுவார்கள். திரையில் வெற்றிடங்களாக வரிசை கட்டி நிற்கும். நான் முடிக்காமல் அச்சுப் பிளேட் போகாது. பிளேட் போகாமல் அச்சு ஓடாது. அச்சு ஓடாவிட்டால், காலண்டர் அட்டையின் தலையில் தகரப் பட்டை அடிக்கிற பெண்களுக்கு அன்றைக்கு வேலை கிடையாது. அடிக்கிற அட்டைக்குத்தான் அவர்களுக்குச் சம்பளம். காலையில் வெடிக் கம்பெனிப் பெண்கள் வேனில் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டே இவர்கள் எங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். "யக்கா, இன்னிக்கிப் பேரு வந்துருமா?" என்று கேட்பார்கள். கோபமாகக் கேட்டாலாவது பதிலுக்குக் கோபப்படலாம்.

அந்த சமயத்தில்தான் கோயம்புத்தூரில் இருந்த தங்கைக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்களில் மாறாத வழக்கம். அம்மா இல்லாத வீட்டுக்குத் தாய் நான்தான். மூலையில் கட்டில் போட்டு, துணி எல்லாம் வெளுத்து வைத்துவிட்டேன். ஆனால் டாக்டரம்மா, நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருக்கிறது, பஸ்ஸோ காரோ ஏறக் கூடாது, கொஞ்சம் ரத்தம் பட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டார். அவள் வர முடியாது. நான்தான் போக வேண்டும். மாமியாரும் இல்லாத வீடு. அவள் வீட்டுக்காரர் மில்லில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர்.

"ராத்திரி ஷிப்டுக்கு என்னயத் தனியா விட்டுட்டுப் போக இவரு பயப்படுறாரு. எப்பக்கா வர்ற?"

"தீபாவளி கழியட்டும்டி, வந்துர்றேன்."

தீபாவளி கழிந்தது. முதலாளியிடம் போய் நின்றேன். "அனுப்புறேன் தாயி, அனுப்பாம இருப்பனா. இந்த லோடு மட்டும் போயிறட்டும்" என்றார். நல்ல மனுஷன். தங்கைக்கு என்று குங்குமப்பூ டப்பா ஒன்று வாங்கிக் கொடுத்தார். அதைக் கையில் வாங்கிக்கொண்டு இருக்கைக்குத் திரும்பினேன். அந்த லோடு போனது, அடுத்த லோடு வந்தது. ஒரு நாளைக்கு முப்பது பெயர் வரைந்தேன், நாற்பது வரைந்தேன். விரல் மரத்துப் போயிற்று. ஆனந்தா, அன்னை, ஸ்ரீ முருகன், ஸ்ரீ முருகன், மறுபடி ஸ்ரீ முருகன். எத்தனை கடைக்குத்தான் ஒரே பெயர் வைப்பார்கள் என்று கடைக்காரர்களையே வாய்விட்டுத் திட்டியிருக்கிறேன். ஒரே பெயராக இருந்தாலும் முதலில் வரைந்ததை எடுத்துப் போட முடியாது. பக்கத்துப் பெண் பார்த்துக்கொண்டு இருப்பாள். அப்படிப் போட முடிகிறதென்றால் எழுத்தையே அடிக்க முடியாதா என்று கேட்டுவிடுவாளே. ஆகவே அதே முருகனை முதலிலிருந்து வரைவேன். என் பொய்க்கு நானே கூலியில்லாமல் காவல் நின்ற நாட்கள் அவை.

கார்த்திகை பிறந்ததும் தங்கை ஒருநாள் போனில் வேறு ஏதேதோ பேசினாள். பக்கத்து வீட்டில் ஒரு அக்கா இருக்கிறார், அவரிடம் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன் என்றாள். துணிப்பை கட்டிக் கதவுப் பக்கம் வைத்தாயிற்று என்றாள். போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எப்பக்கா வர்ற என்று அவள் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் சோற்றுப் பையைத் திறந்தேன், சோற்றைத் தொடவில்லை. பென் டிரைவை மட்டும் எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன்.

"மொதலாளி, ஒண்ணு சொல்லணும். வையாதீக."

"சொல்லு."

"தடியன அடிச்சா வர்றாப்புல பண்ணிறலாம். மொதல்லயே பண்ணிருக்கலாம். நான் பொய் சொல்லிட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தெரியும் தாயி."

எனக்கு விளங்கவில்லை.

"மொத வருசமே தெரியும். சாப்ட்வேர் விக்க வந்த ஆளு சொன்னாரு, இதெல்லாம் ஒரு மாச வேலைன்னு."

"அப்பொறம் ஏன் மொதலாளி கேக்கல?"

"கேட்டா நீ குடுத்துருவ. குடுத்துட்டா ஒன்ன இங்கன பிடிச்சு வைக்க என்ன இருக்கு? மதுரையில, கோயம்புத்தூர்ல எவனாச்சும் கூப்ட்டா எந்திரிச்சுப் போயிருவ. எழுத்து ஒங்கிட்ட இருக்கிற வரைக்கும் நீ இங்கன இருப்பன்னு நெனச்சேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கண்ணாடியை எடுத்து நொறுக்கியிருக்க வேண்டும். என்னை அனுப்பிவிடுவார் என்று நான் பயந்தேன். நான் போய்விடுவேன் என்று அவர் பயந்தார். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் கதவைப் பிடித்துக்கொண்டு நாலு மாதமாக நின்றிருக்கிறோம். அங்கே ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தனியாக இருக்கிறாள். அவரைத் திட்ட எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று யோசித்தேன். இல்லை. பென் டிரைவை மேசையில் வைத்துவிட்டு, "முக்காவாசி எழுத்து வரஞ்சு கெடக்கு, பத்து நாள்ல முடிச்சிருவேன். முடிச்சதும் போயிருவேன்" என்றேன். "போயிட்டு வா" என்று திருத்தினார்.

மறுநாளிலிருந்து பெயர் வரைவதை நிறுத்திவிட்டு எழுத்தைக் கோக்க ஆரம்பித்தேன். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடத் தேவைப்படாத எழுத்துகள் எவ்வளவோ இருந்தன. 'ஞூ' எந்தக் கடைப் பெயரில் வரப்போகிறது? ஆனாலும் ஓட்டை விட மனசு வரவில்லை. தொடையும் தொப்பையும் ஒன்றுக்கொன்று இடிக்காமல் இடைவெளி பார்க்க வேண்டும். 'ழு'வுக்குப் பக்கத்தில் 'டு' வந்தால் இரண்டும் பஸ் சீட்டுக்குச் சண்டை போடுகிறவர்கள் மாதிரி முட்டிக்கொண்டு நின்றன. இதற்கிடையே புதுப் பெயர்கள் தேங்கி, தகரப் பட்டைப் பெண்கள் மூன்று நாள் சும்மா திரும்பிப் போனார்கள்.

ஏழாம் நாள் காலை பத்து மணிக்குத் தங்கை வீட்டுக்காரர் போன் பண்ணினார். விடியும்போது ரத்தம் பட்டிருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா ஆட்டோ பிடித்து ஏற்றியிருக்கிறார். ஆபரேஷன் பண்ணி எடுத்துவிட்டார்கள். பெண் பிள்ளை. தாய்க்கு ரத்தம் ஏற்றியிருக்கிறது, இரண்டு பேருக்கும் பயமில்லை என்றார். நான் நின்ற இடத்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். முதலாளி வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கெளம்பு தாயி. வண்டி சொல்றேன்" என்றார்.

இதைத்தான் இன்னும் யாரிடமும் சொன்னதில்லை. நான் கிளம்பவில்லை. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்று சொல்லியாயிற்று. இருபத்துச் சொச்சம் எழுத்துதான் பாக்கி. நான் போனால் பக்கத்துப் பெண் முடிக்கப் பார்ப்பாள். சுழியைப் பெரிதாக்கிவிடுவாள், கொம்பைக் கெடுத்துவிடுவாள். மூன்று நாள் இருந்து முடித்துவிட்டுப் போனால் ஒரேயடியாக நிம்மதியாகப் போகலாம் என்று கணக்குப் போட்டேன். பொய் தீர்ந்துவிட்டது, முதலாளியே வண்டி சொல்கிறேன் என்கிறார், என்னைப் பிடித்து வைக்க யாருமே இல்லை. இருந்தும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஜன்னலில் வெயில் ஏறி, இடவலம் மாறிய எழுத்துகள் உள்ளே வந்தன. மீதி எழுத்துகளை வரைந்தேன். என்ன பிறவி நான் என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

நாலாம் நாள் மதுரை போய் பஸ் மாறி, கோயம்புத்தூர் சேரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. சின்ன ஆஸ்பத்திரி. மாடியில் மூன்று கட்டில் போட்ட அறை. தங்கை சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முகம் வெளுத்து, மாம்பழம் மாதிரி இருந்த கன்னம் எல்லாம் எங்கேயோ போயிருந்தது. ஸ்டூலில் ஒரு பெண் உட்கார்ந்து பிள்ளையை வைத்திருந்தார். அவர்தான் பக்கத்து வீட்டு அக்கா. "ஒங்க அக்கா வந்துட்டாங்க பாரு" என்று எழுந்து எனக்கு இடம் விட்டார். பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

"வந்துட்டியா" என்றாள் தங்கை. குரலில் ஒன்றும் இல்லை. "எழுத்து முடிஞ்சுதா?"

"முடிஞ்சிருச்சுடி."

"எல்லா எழுத்துமா?"

"எல்லாம்."

"சரி."

அதற்கு மேல் அந்த முகத்தைப் பார்க்க முடியாமல், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினேன். கட்டிலுக்கு நேர் எதிரே ஒரு தினசரி காலண்டர் தொங்கியது. முருகன் படம். படத்துக்குக் கீழே ஏதோ ஒரு மருந்துக்கடையின் பெயர், தடியன் எழுத்தில். முதல் தடவை கொஞ்சம் கடைகளுக்கு என்று போட்டோமே, அதில் ஒன்று. 'மெடிக்கல்ஸ்' என்பதில் 'க்'கின் புள்ளி அளவுக்கு மீறிப் பெருத்துவிட்டது என்று அன்றைக்கே எனக்கு உறுத்தல் இருந்தது. அந்தப் புள்ளி அப்படியே இருந்தது. எங்கே போனாலும் இவன் முன்னால் வந்து நிற்கிறானே என்று எரிச்சலாக வந்தது. வேறு என்ன செய்வது என்று தெரியாமல் தேதியைப் பார்த்தேன். நாலு நாளாக யாரும் தாளைக் கிழிக்கவில்லை. பிள்ளை பிறந்த அன்றைய தேதியே நின்றுகொண்டிருந்தது. பிள்ளையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, கிழிக்கலாம் என்று மறு கையைத் தூக்கினேன்.

"கிழிக்காதக்கா" என்றாள் தங்கை.

திரும்பிப் பார்த்தேன். அவள் காலண்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கி உள்ள தள்ளிட்டுப் போற வரைக்கும் அதத்தான் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். எங்க அக்கா எழுத்து, எங்க அக்கா எழுத்துன்னு அந்த நர்ஸம்மாட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன். அவுக சிரிச்சாக. பெறகு மயக்கம் குடுத்துட்டாக." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "நீ வரல. தடியனாச்சும் வந்து நின்னானேன்னு இருந்துச்சு. அந்தத் தாளு கெடக்கட்டும்."

தூக்கிய கையை இறக்கினேன். ஸ்டூலில் உட்கார்ந்து, பிள்ளையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்து வீட்டு அக்கா என்னிடம் ஒன்றும் கேட்காமல், டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தங்கைக்குக் கொடுத்தார்.